ஒரே இரைப்பை, வேறு வேறு புற்றுநோய்கள்

என்டோஸ்கோபிக் குழாயின் வழியாக ஒரு குட்டி இடுக்கியை அதன் நுனிவரை விட முடியும். இரைப்பைக்குள் சந்தேகப்படும்படி புண்ணோ கட்டியோ தெரிந்தால், மருத்துவர் அந்த இடுக்கியால் அதைக் கிள்ளி எடுப்பார். ஒவ்வொரு துண்டும் குருணை அரிசி அளவுதான், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அதை ஃபார்மலின் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி, லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். பயாப்ஸி என்பது இவ்வளவுதான்.

சில நாட்களில் ரிப்போர்ட் வரும். "அடினோகார்சினோமா" (சுரப்பிச் செல்களில் உருவாகும் புற்றுநோய்) என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் எல்லோரும் உடனே கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜ்?" என்பதுதான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் 2010-க்குப் பிறகு அதற்கு இணையான முக்கியத்துவம் இன்னொரு கேள்விக்கும் வந்துவிட்டது: "இது எந்த வகை?"

ஏனென்றால் இரைப்பைப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல. ஒரே வயது, ஒரே ஸ்டேஜ், கட்டி இருக்கும் இடமும் ஒன்றே என்று இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். ஒருவருடைய கட்டியில் ஒரு மரபணு மட்டும் பல மடங்கு பெருகியிருக்கும். இன்னொருவருடைய கட்டியிலோ மரபணுக்களில் ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழைகள் இருக்கும். முதலாமவருக்குப் பலன் தரும் மருந்து இரண்டாமவரிடம் எந்த வேலையும் செய்யாது. இந்த வேறுபாடு என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதனால் சிகிச்சை எப்படி மாறுகிறது என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த இரண்டு, மரபணுவில் தெரிந்த நான்கு

வகை பிரிப்பது புதிதல்ல. ஃபின்லாந்தைச் சேர்ந்த பெக்கா லாரன் என்ற மருத்துவர் 1965-லேயே இரைப்பைப் புற்றுநோயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் புற்றுசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடலில் இருக்கும் சுரப்பிகளைப் போல வளையம் வளையமாக அமைந்திருக்கும். மற்றொன்றில் செல்கள் ஒட்டாமல், சிந்திய கடுகு மாதிரி தனித்தனியாகச் சுவருக்குள் பரவிக்கிடக்கும். முதலாவதைக் குடல் வகை என்றும் இரண்டாவதைப் பரவல் வகை என்றும் சொல்கிறார்கள். இன்றைக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்கள் வரும்.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் எந்த மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவு பெரிதாக உதவவில்லை. பல ஆண்டுகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கீமோதான்.

2014-இல் அமெரிக்காவின் 'தி கேன்சர் ஜீனோம் அட்லஸ்' திட்டத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள், சிகிச்சை எதுவும் தொடங்காத 295 பேருடைய இரைப்பைக் கட்டிகளை எடுத்து, அவற்றின் மரபணுக்களை அலசி 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கட்டிகள் நான்கு கூட்டங்களாகப் பிரிந்தன. ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் குரோமோசோம்களே தாறுமாறாகக் கலைந்திருந்தன: சில துண்டுகள் காணாமல் போயிருந்தன, சில பல பிரதிகளாகப் பெருகியிருந்தன. 22 சதவீதத்தில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு செயலிழந்திருந்தது. 20 சதவீதத்தில் குரோமோசோம்கள் அவ்வளவாகக் குலையவில்லை; பரவல் வகைக் கட்டிகள் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். மீதி 9 சதவீதத்தில் செல்லுக்குள் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் குடியிருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் யாரும் இந்த நான்கு பெயர்களை அப்படியே எழுதிக் கொடுப்பதில்லை. இந்த ஆய்வு காட்டியது நிலப்பரப்பை. நடைமுறையில் அந்த நிலப்பரப்பின் சில அடையாளங்களை மட்டும் தேடுகிறார்கள்: ஹெர்2, எம்எஸ்ஐ, பிடி-எல்1, கிளாடின் 18.2. ரிப்போர்ட்டில் நாம் தேடவேண்டிய சொற்களும் இவைதான்.

ஹெர்2: பல பிரதிகளான மரபணு

செல்லின் வெளிச்சவ்வில் ஹெர்2 என்றொரு புரதம் இருக்கிறது. "வளரு, இரண்டாகப் பிரி" என்ற தகவலை உள்ளே கடத்துவது அதன் வேலை. அதற்கான மரபணு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதிகள் இருக்கவேண்டும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. சில கட்டிகளில் அது பத்து, இருபது என்று பெருகிவிடுகிறது. பிரதி பெருகினால் புரதமும் பெருகும். செல்லுக்கு ஓயாமல் வளரச்சொல்லி உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். இரைப்பைப் புற்றுநோயிலும், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வரும் புற்றுநோயிலும் ஐந்து ஆறு பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது.

லேபில் இதைப் பார்ப்பது எப்படி? ஹெர்2 புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளைத் தகட்டில் ஊற்றுவார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்லின் ஓரத்தை யாரோ பழுப்பு மையால் அழுத்தி வரைந்ததுபோல இருக்கும். அழுத்தமாக இருந்தால் 3+, துளியும் இல்லையென்றால் 0. இந்தச் சோதனைக்கு ஐஹெச்சி என்று பெயர். 0, 1+ இரண்டும் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். நடுவில் இருக்கும் 2+ வந்தால் முடிவு சொல்ல முடியாது; ஃபிஷ் என்ற இன்னொரு சோதனையில் மரபணுப் பிரதிகளையே எண்ணிப் பார்க்கவேண்டும். 2+ என்று ரிப்போர்ட் வந்து, ஃபிஷ் செய்யாமலே கீமோ தொடங்கியிருந்தால், அந்தக் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று பொருள். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இரைப்பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மார்பகக் கட்டியில் ஹெர்2 இருந்தால் பெரும்பாலும் கட்டி முழுக்க இருக்கும். இரைப்பைக் கட்டியில் அது திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு பக்கம் கிள்ளினால் 3+, விரல் நுனி தூரம் தள்ளிக் கிள்ளினால் 0. அதனால்தான் ஒன்றிரண்டு துண்டோடு நிறுத்தாமல் கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு முதல் எட்டுத் துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். குருணை அளவுத் துண்டில் நான்கு துண்டு கூடுதலாக எடுப்பது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் ஒருவருக்குச் சரியான மருந்து கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதைப் பொறுத்து இருக்கிறது.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுஜுமாப் என்ற மருந்து. மார்பகப் புற்றுநோயில் ஏற்கெனவே பெயர்பெற்றது. 2010-இல் 'லான்செட்' இதழில் வெளியான டோகா ஆய்வில், 24 நாடுகளில் 3,800 பேருடைய கட்டிகளைச் சோதித்து, ஹெர்2 பாசிட்டிவான 594 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களுடைய சராசரி வாழ்நாள் 11.1 மாதம். கீமோவோடு ட்ராஸ்டுஜுமாப் பெற்றவர்களுக்கு 13.8 மாதம். புரதம் நன்றாக மிகுந்திருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 11.8 மாதம் 16 மாதமானது.

இங்கே 'சராசரி' என்று நான் சொல்வது நடுப்புள்ளியை. பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதைவிட அதிகமாகவும் வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு இத்தனை மாதம்தான் என்று யாரும் நாள் குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளவேண்டாம். இரண்டே முக்கால் மாதம் பெரிதா என்று கேட்கலாம். மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட இரைப்பைப் புற்றுநோயில் கட்டியின் மரபணுவைப் பார்த்துக் கொடுத்த ஒரு மருந்து பெரிய ஆய்வில் வாழ்நாளைக் கூட்டியது அதுவே முதல்முறை. நம் ஊரைப் பொறுத்தவரை ஆறுதலான விஷயம், ட்ராஸ்டுஜுமாபுக்கு இந்தியாவிலேயே தயாரான பயோசிமிலர் மருந்துகள் (மூல மருந்தை ஒத்த நகல்கள்) 2014 முதல் கடைக்கு வந்து, விலை இறங்கியிருப்பது.

அப்புறம் நடந்தது எதிர்பார்த்தபடி இல்லை. மார்பகத்தில் வேலை செய்த மற்ற ஹெர்2 மருந்துகளை ஒவ்வொன்றாக இரைப்பையில் முயன்றார்கள். லப்பாடினிப் தோற்றது. ட்ராஸ்டுஜுமாபோடு கீமோ மருந்தைக் கோத்துச் செய்த டி-டிஎம்1 என்ற மருந்தும் தோற்றது. ஹெர்2 என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் அது குடியிருக்கும் கட்டி வேறு.

திருப்பம் 2020-இல் வந்தது. ட்ராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்தும் அதே மாதிரிதான், ட்ராஸ்டுஜுமாபோடு கீமோ மருந்தைக் கோத்தது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஏறக்குறைய எட்டு கீமோ மூலக்கூறுகள் தொங்கும். ஹெர்2 உள்ள செல்லில் ஒட்டி உள்ளே போய், அங்கே கீமோவை விடுவிக்கும். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கீமோ செல் சவ்வைத் தாண்டிக் கசிந்து பக்கத்துச் செல்லுக்கும் போகும். பக்கத்துச் செல்லில் ஹெர்2 இல்லாவிட்டாலும் அதுவும் சாகும். திட்டுத்திட்டாக ஹெர்2 இருக்கும் இரைப்பைக் கட்டிக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த ஆய்வில், பல மருந்துகளை ஏற்கெனவே பார்த்துவிட்ட நோயாளிகளில் 51 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. வழக்கமான கீமோவில் 14 சதவீதம்தான். நுரையீரலில் அழற்சி உண்டாக்கும் ஆபத்து இந்த மருந்துக்கு உண்டு. அதனால் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த ஓபி வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லவேண்டும்.

இதை இரண்டாம் கட்டத்தில் கொடுப்பதற்கு முன் மறுபடி ஒரு பயாப்ஸி கேட்பார்கள். "ஏற்கெனவே பாசிட்டிவ்னு தெரியுமே, எதுக்கு இன்னொரு தடவை?" என்று சலிப்பு வருவது இயல்பு. ஆனால் ட்ராஸ்டுஜுமாப் சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய கட்டி ஹெர்2-வை இழந்துவிடுகிறது. பழைய ரிப்போர்ட் பழைய கட்டியைப் பற்றியது.

எம்எஸ்ஐ: பிழைதிருத்துபவர் இல்லாத சுவடி

ஓலைச்சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர்கள் எங்கே அதிகம் தடுமாறியிருப்பார்கள்? ஒரே எழுத்தோ சொல்லோ அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடத்தில். ஐந்து முறை வந்தது நான்காகும், அல்லது ஆறாகும். செல் பிரியும்போது மரபணுவைப் படியெடுக்கும் ஏற்பாடும் அப்படித்தான். ஒரே எழுத்தோ ஒரே சிறு தொடரோ திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் வழுக்கிவிடும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே நான்கு முக்கியமான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போய்விட்டாலும் பிழைகள் அப்படியே தங்கி, செல் பிரியப் பிரியக் குவியும். திரும்ப வரும் பகுதிகளின் நீளம் செல்லுக்குச் செல் மாறிக்கொண்டே இருக்கும். இந்த நிலையைத்தான் ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ-ஹை என்று எழுதுகிறார்கள். டிஎம்எம்ஆர் என்று இருந்தாலும் அதே பொருள்தான்.

பிழை மலிந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதங்களும் உருக்குலைந்து வரும். நம் நோய் எதிர்ப்பு செல்களுக்கு அவை அந்நியமாகத் தெரியும். ஆக, இந்தக் கட்டியைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் ஏற்கெனவே வந்து குவிந்திருக்கும். ஆனால் தாக்காமல் நிற்கும். ஏனென்றால் அந்தச் செல்களில் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது, கட்டி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும், அதைப்போன்ற இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று நாம் கேள்விப்படும் இம்யூனோதெரபி மருந்துகள் பிடி-1 பிரேக்கை விடுவிப்பவை.

2017 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எம்எஸ்ஐ-ஹை என்றால் கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பின் பெயரை விட்டுவிட்டு மரபணு அடையாளத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் மருந்துக்கு அனுமதி கிடைத்தது அதற்கு முன் நடந்ததே இல்லை.

என்னை மிகவும் நெகிழவைத்தது பிரான்சில் நடந்த ஒரு சின்ன ஆய்வு. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருந்த, எம்எஸ்ஐ-ஹை வகை நோயாளிகள் 32 பேர். கீமோ இல்லாமல், இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளை மட்டும் முதலில் கொடுத்தார்கள். பிறகு 29 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வெட்டியெடுத்த இரைப்பையை லேபில் சல்லடை போட்டுப் பார்த்தபோது 17 பேரிடம் உயிருள்ள ஒரு புற்றுசெல்கூட மிஞ்சவில்லை. இன்னும் பெரிய ஆய்வுகளும் நீண்டகால முடிவுகளும் வரவேண்டும். இருந்தாலும் இந்த வகைக்கு வழக்கமான கீமோவின் பலன் குறைவு என்று பழைய ஆய்வுகளை மறுபடி அலசியவர்கள் சொல்லிவந்த நிலையில், இது லேசுப்பட்ட முடிவு இல்லை.

அட்லஸ் ஆய்வின் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த வகை என்றேன். பரவிய நிலையில் பார்த்தால் இருபதில் ஒன்றாகக் குறைந்துவிடும்; இந்த வகை பரவுவது குறைவு. எண்ணிக்கை சிறிது என்பதற்காகச் சோதிக்காமல் விட்டால் இழப்பு பெரிது. அந்த நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது எளிய, அதிகச் செலவில்லாத சோதனை.

பெரும்பாலோருக்கு இது வயதான காலத்தில் அந்தக் கட்டிக்குள் மட்டும் நடக்கும் கோளாறு, பரம்பரை அல்ல. சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அந்தத் திருத்தும் மரபணு பழுதாகியிருக்கும். லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அப்படியென்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரும் மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது. பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களும் அந்தக் குடும்பங்களில் வரும். முன்கூட்டியே தெரிந்தால் பெருங்குடல் புற்றுநோயைக் கொலோனோஸ்கோபியில் பிடித்துவிடலாம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. அரிதாகச் சிலருக்கு இரைப்பைச் செல்லில் புகுந்து கட்டியாகிறது. இந்தக் கட்டிகள் எதிர்ப்பு செல்களின் பிரேக்கை அழுத்தும் புரதத்தை மிகுதியாகச் செய்கின்றன. 2018-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் இந்த வகையைச் சேர்ந்த ஆறு பேருக்கும் பெம்ப்ரோலிசுமாபில் கட்டி சுருங்கியது. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆறுக்கு ஆறு என்பது கவனிக்க வைக்கிறது.

பிடி-எல்1 மதிப்பெண்

எம்எஸ்ஐயும் இல்லை, வைரஸும் இல்லை என்றால் இம்யூனோதெரபி கிடையாதா? உண்டு, ஆனால் அளவு பார்த்து. பிரேக்கை அழுத்தும் அந்தப் புரதத்தின் பெயர் பிடி-எல்1. கட்டி செல்களிலும் சுற்றியுள்ள எதிர்ப்பு செல்களிலும் அது எத்தனையில் இருக்கிறது என்று எண்ணி, கட்டி செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். வருவது சிபிஎஸ் என்ற மதிப்பெண். 2021-இல் வெளியான, 1,581 பேர் கலந்துகொண்ட ஆய்வில், சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குக் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்ததும் சராசரி வாழ்நாள் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமானது. ஒன்றுக்கும் கீழே இருப்பவர்களுக்குப் பலன் தெளிவாக இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசகர்களும் ஒன்றுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது தேவையில்லை என்ற பக்கமே வாக்களித்தார்கள். இந்த மருந்துகளின் விலையை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண் பார்க்காமல் "எதுக்கும் போட்டுப் பார்ப்போம்" என்று நிலத்தை அடமானம் வைத்து வாங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு எண் எவ்வளவு முக்கியம்!

கிளாடின்: மறைந்திருந்தது வெளியே வரும்போது

இரைப்பையின் உள்பூச்சில் செல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமிலம் இடுக்கில் கசியாமல் இருக்க, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இணைப்புப் புரதங்கள் உண்டு. கிளாடின் 18.2 அதில் ஒன்று. இரைப்பைப் பூச்சைத் தவிர உடம்பில் வேறெங்கும் இது கிட்டத்தட்ட இல்லை. சாதாரணமாக இரண்டு செல்களுக்கு நடுவே புதைந்திருப்பதால் ரத்தத்தில் வரும் மருந்து அதை எளிதில் தொட முடியாது. புற்று வந்து செல்களின் ஒழுங்கு கலைந்ததும், மறைந்திருந்தது வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அதைப் பிடிப்பதற்குச் செய்த மருந்து ஜோல்பெட்டுக்சிமாப். 2024 மார்ச்சில் ஜப்பானும் அக்டோபரில் அமெரிக்காவும் அனுமதித்தன.

ஹெர்2 இல்லாதவர்களில், நான்கில் மூன்று பங்கு செல்களிலாவது கிளாடின் நன்றாகத் தெரிந்தால்தான் இது பொருந்தும். சோதித்தவர்களில் நூற்றுக்கு 38 பேர் போல அப்படி இருந்தார்கள். ஸ்பாட்லைட் என்ற ஆய்வில் சராசரி வாழ்நாள் 15.5 மாதத்திலிருந்து 18.2 மாதத்துக்குப் போனது. நல்ல இரைப்பைப் பூச்சிலும் அதே புரதம் இருப்பதால் வாந்தி கடுமையாக வரும், குறிப்பாக முதல் சில தடவை. மருந்தை மெதுவாக ஏற்றியும் வாந்தி மாத்திரைகளை முன்கூட்டியே கொடுத்தும் சமாளிக்கிறார்கள்.

குடும்பத்தில் ஓடும் பரவல் வகை

பரவல் வகை பற்றிப் பேசும்போது நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. முப்பது ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தில் 25 பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார்கள், இளம் வயதினர் உட்பட. காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்று குடும்பத்தினரே ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் தேடிப்போனார்கள். பாரி கில்ஃபோர்ட் தலைமையிலான குழு 1998-இல் காரணத்தைக் கண்டுபிடித்தது: சிடிஹெச்1 என்ற மரபணுவில் பிறவிப் பழுது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணு. ஒட்டு போனால் செல்கள் சிதறும். லாரன் 1965-இல் பார்த்த சிதறலுக்குக் காரணம் 33 ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டது.

இந்தச் சிதறிய செல்கள் மேற்பரப்புக்கு அடியில் கிடப்பதால் என்டோஸ்கோபியில் தப்பிவிடும். ஆகவே அந்தப் பழுது இருப்பவர்களில் பலர், நோய் வரும் முன்பே இரைப்பையை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடவேண்டும். ஆயுள் முழுக்க பி12 ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். இருபது வயதில் நன்றாக இருக்கும் இரைப்பையைக் கொடுத்துவிடுவது எவ்வளவு பெரிய முடிவு! ஆனால் அத்தையையும் மாமாவையும் அதே நோய்க்குக் கொடுத்தவர்கள் அந்த முடிவை எடுக்கிறார்கள்.

உணவுக்குழாய்: மேலே ஒரு நோய், கீழே ஒரு நோய்

என்டோஸ்கோபியில் உணவுக்குழாய் வழியே இறங்கும்போது முதலில் வெளிர் இளஞ்சிவப்புப் பரப்பு. கடைசியில் திடீரென்று ஒரு வளைந்து நெளிந்த கோடு வரும், அதற்குக் கீழே நல்ல சிவப்பு. கோட்டுக்கு மேலே தோலைப் போன்ற அடுக்குச் செல்கள், கீழே இரைப்பையின் சுரப்பிச் செல்கள்.

மேலே உள்ள அடுக்குச் செல்களில் வருவது ஸ்குவாமஸ் வகை. புகையிலை, மது, வெற்றிலையோடு போடும் பாக்கு முதலியவை காரணம். மிகச் சூடாகக் குடிக்கும் பழக்கத்தின் மேலும் சந்தேகம் உண்டு. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் இதுதான். நீண்ட நாள் அமிலம் மேலேறி, குழாயின் கீழ்ப்பகுதிப் பூச்சு மாறிப்போய், அதில் வருவது அடினோகார்சினோமா. மேற்கு நாடுகளில் உடல் பருமனோடு சேர்ந்து பெருகியது இது.

2017-இல் அதே அட்லஸ் திட்டம் உணவுக்குழாய்க் கட்டிகளை அலசியபோது தெளிவாகத் தெரிந்தது: கீழ்ப்பகுதி அடினோகார்சினோமா, குரோமோசோம் கலைந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு உடன்பிறப்பு மாதிரி. ஸ்குவாமஸ் வகையோ வாய், தொண்டைப் புற்றுநோய்க்குத்தான் உறவு. ஒரே குழாய் என்று நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவே.

இதை வெறும் ஏட்டுத் தகவல் என்று நினைத்துவிடக் கூடாது. நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்குவாமஸ் நோயாளிகளில் 49 சதவீதத்தினரிடம் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது. அடினோகார்சினோமாவில் 23 சதவீதம்தான். ஆகவே அடினோகார்சினோமாவுக்கு வேறு வழி தேடினார்கள். ஜெர்மனியின் எசோபெக் ஆய்வில் 438 பேருக்கு, கிராஸ் முறையோடு ஃப்ளாட் என்ற நான்கு மருந்துக் கீமோவை ஒப்பிட்டார்கள். சராசரி வாழ்நாள் 37 மாதம், 66 மாதம். அதாவது ஃப்ளாட் கொடுத்தவர்களுக்கு ஐந்தரை வருடம். ஹெர்2 சோதனையும் அடினோகார்சினோமாவுக்குத்தான். ஸ்குவாமஸில் அந்தப் பெருக்கம் அபூர்வம். எந்த வகை என்று சொல்லாத உணவுக்குழாய் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

வகை பார்க்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரியல்3 ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் என்ற புரதத்தைத் தடுக்கும் பானிட்டுமுமாப் மருந்தை, யாருக்கு அந்த மரபணு பெருகியிருக்கிறது என்று பார்க்காமல் கீமோவோடு சேர்த்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்கள் 11.3 மாதம், புது மருந்தும் சேர்த்துப் பெற்றவர்கள் 8.8 மாதம். அந்த மருந்துக்காகக் கீமோவின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. பலனும் இல்லை, இருந்ததும் குறைந்தது.

அந்த மெழுகுக் கட்டி

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் அந்தக் குருணை அளவுத் துண்டுதான். லேபில் அதற்குப் பிளாக் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் உறைந்த மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி, ஓரத்தில் ஒரு எண். ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்து ஒரு சீவல் போகும். ஹெர்2, பிடி-எல்1, கிளாடின், திருத்தும் புரதங்கள் நான்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பாதியிலேயே தீர்ந்துபோகலாம். அதனால் பரவிய நோய் என்று தெரிந்த உடனே எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது சிறந்தது. ஹெர்2-வும் எம்எஸ்ஐயும் கீமோ தொடங்கும் முன்பே தெரிந்திருக்கவேண்டும். உடல்நிலை காத்திருக்க விடாவிட்டால், முதல் சுற்றுக் கீமோவைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் இரண்டாவது சுற்றில் மருந்தைச் சேர்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போகிறோம் என்றால், பிளாக்கையும் தகடுகளையும் ஒரு கவரில் போட்டு நம் கையில் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் மெழுகு உருகும். பழைய பில்களோடு சேர்த்துத் தூக்கிப்போட்டுவிட்டால் மறுபடி என்டோஸ்கோபிதான். கவரின் மேல் நோயாளியின் பெயரையும் பயாப்ஸி எண்ணையும் பெரிதாக எழுதி, வீட்டில் வெயில் படாத அலமாரியில், ஆதார் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.